பாக்கியம் என்றொரு கோப்பு

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். யாரென்று சொல்ல மாட்டேன், பாவம், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நம் நிரல்களைச் சோதிக்கும் கோப்புகளுக்கு நடுவே ‘பாக்கியம்’ என்று ஒன்று கிடக்கிறதாம். அது ஒவ்வொரு சோதனையையும் இரண்டு தடவை ஓட வைக்கிறதாம். முதல் தடவை தேறியதையே எதற்கு மறுபடி ஓட்ட வேண்டும், இன்றைக்கு நாம் பயன்படுத்தும் லினக்ஸில் அதற்கு அவசியமே இல்லையே, அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: “மேடம், பாக்கியம் என்பது எதனுடைய சுருக்கம்?”

எதனுடைய சுருக்கமும் இல்லை, தம்பி. பாக்கியம் ஒரு பெண். ஜெலுபு மலைப்பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், களைக்கொல்லி மருந்து அடிக்கும் பெண்களுக்கு மண்டோராக, அதாவது மேற்பார்வை பார்ப்பவளாக இருந்தவள். கணினியைத் தொட்டதே இல்லை. அந்தக் கோப்பை எழுதியது நான். அழிப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ஓய்வு பெற்றவள், என் பேச்சு இனி எந்த இயந்திரத்திலும் செல்லாது. ஆனால் முடிவெடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான். நீங்கள் எழுதும் மின்னஞ்சல்களை நான் பொறுமையாகப் படிக்கவில்லையா?

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு முப்பது ஆகப்போகிறது. அப்பா கெமாஸ் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். நான் சிரம்பானுக்கு வந்து, தெமியாங்கில் ஓர் அறை எடுத்துத் தங்கி, ஏழு தோட்டங்கள் வைத்திருந்த ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் மூன்று பேர்: மேலாளர், நான், சரியாகக் குளிராத ஓர் ஏர்கோன்.

சிரம்பான் தலைமை அலுவலகத்தில் ஒரு யூனிக்ஸ் இயந்திரம் இருந்தது. அது பி.எஸ்.டி. வழி வந்தது. தோட்டத்துக்கு ஒன்றாக வாங்கிய ஏழு சின்ன இயந்திரங்களும் யூனிக்ஸ்தான், ஆனால் சிஸ்டம் ஃபைவ் வழி. ஒரே வீட்டில் பிறந்து தனிக்குடித்தனம் போன அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் ஒன்று, கட்டளைகளின் பெயர் ஒன்று, பேசும் சி மொழி ஒன்று. எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கும் என்பது மட்டும்தான் வேறு. மேலாளர், இரண்டுக்கும் தனித்தனியாக நிரல் எழுதிவிடு என்றார். நான் அடம்பிடித்தேன். மூலநிரல் ஒன்றே போதும், அதையே இரண்டு வகை இயந்திரத்திலும் தொகுத்து ஓட்டலாம், ஓரிடத்தில் திருத்தினால் எட்டு இயந்திரமும் திருந்திவிடும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓரிடத்தில் தப்பு செய்தால்?” என்று கேட்டார்.

“நான் தப்பு செய்ய மாட்டேன்” என்றேன். சிரிக்காதீர்கள். உங்கள் பேச்சையும் நான் பான்ட்ரியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

நிரல் செய்ய வேண்டிய வேலை எளிது. ரப்பர் மரங்களுக்கு நடுவே முளைக்கும் களைக்கு மருந்து அடிப்பார்கள். தோட்டம் முழுவதும் எண் போட்ட பிளாக்குகளாகப் பிரிந்திருக்கும். மருந்து அடித்த பிளாக்கில் மூன்று நாளைக்கு யாரும் பால் வெட்ட இறங்கக் கூடாது. இன்று எந்தப் பிளாக்கில் அடித்தோம் என்பதை மண்டோர் வந்து கிராணியிடம் வாயால் சொல்ல வேண்டும். கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், அதை இயந்திரத்தில் தட்டுவார். நாலு மணிக்கு இயந்திரம் தொலைபேசி வழியாகச் சிரம்பானைக் கூப்பிட்டு அதை அனுப்பும். மறுநாள் மூடியிருக்க வேண்டிய பிளாக்குகளின் பட்டியலைச் சிரம்பான் திருப்பி அனுப்பும். விடியற்காலையில் பெரட்டு, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கும் நேரம். அதற்கு முன் கிராணி அந்தப் பட்டியலை அச்செடுத்துக் கொடுப்பார். மருந்து அடிக்காத நாளில் இயந்திரம் யாரையும் கூப்பிடாது, கையில் இருக்கும் பட்டியலையே அச்சடிக்கும்.

இதெல்லாம் வருவதற்கு முன்னால் அங்கே வேறொரு ஏற்பாடு இருந்தது. மருந்து அடித்து முடித்ததும் பாக்கியம் அந்தப் பிளாக்கின் முனை மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவாள். மூன்று நாள் கழித்து அவிழ்ப்பாள். அவ்வளவுதான். கணினி வந்ததும் துரை, தோட்ட நிர்வாகியை இன்னமும் அப்படித்தான் சொல்வார்கள், “இனிமேல் துணி தேவையா?” என்று கேட்டார். தேவையில்லை என்று சொன்னது நான்தான். பட்டியல் ஒன்று சொல்லி, துணி இன்னொன்று சொன்னால் குழப்பம் வரும் என்று காரணமும் சொன்னேன். அந்தக் காரணம் இப்போது கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

தொலைபேசி இணைப்பு பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்து வைத்திருந்தேன். இணைப்பு அறுந்ததும் யூனிக்ஸ் நம் நிரலுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். சும்மா விட்டால் நிரல் அங்கேயே செத்துவிடும். ‘சாகாதே, மறுபடி டயல் செய்’ என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிழைத்துக்கொள்ளும். சொல்லிவைத்தேன். சிரம்பானில் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தேன். தோட்டத்தில் இயந்திரத்தை வைத்த அன்று துரை முன்னால் ஒரு தடவை பிடுங்கிக் காட்டினேன். நிரல் கொஞ்சம் முழித்தது, பிறகு சமர்த்தாக மறுபடி டயல் செய்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கிராணி ஆறுமுகம் எனக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார்.

நாலு மாதம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அந்தத் தோட்டத்தின் இருபத்து மூன்றாம் பிளாக்கில் பால் வெட்ட ஆட்களை இறக்கிவிட்டார்கள். முதல் நாள்தான் அங்கே மருந்து அடித்திருந்தது. இறங்கியவர்கள் மலைக்கு அந்தப் பக்கத்து டிவிஷன் ஆட்கள், அவர்களுக்கு அது தெரியாது. பனியில் நனைந்த புல்லிலிருந்து மருந்து காலில் ஏறியிருக்கிறது, கையில் ஒட்டியிருக்கிறது. சரசு என்ற பெண் வேர்வையைத் துடைப்பதற்காகக் கையைக் கண்ணில் வைத்துவிட்டாள். ஆபீசுக்குத் தூக்கி வரும்போது கண் இரண்டும் வீங்கி, திறக்க முடியாமல் கதறினாளாம். கோலா கிளாவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

துரை எனக்கு டெலிபோன் செய்தார். அவர் மலாய்க்காரர், நிதானமான மனிதர். அன்று நலம் விசாரிக்காமலே தொடங்கினார். காலையில் வந்த பட்டியலில் இருபத்து மூன்று இல்லை, திங்கட்கிழமை இங்கிருந்து தகவல் சிரம்பானுக்கு வந்ததா என்று கேட்டார். பார்த்தேன். எதுவும் வரவில்லை.

“எங்கள் நிரலைச் சோதித்துப் பார்த்தாயிற்று. தகவல் வரவில்லை என்றால், மண்டோர் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்” என்றேன்.

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நான் எழுதிய நிரல்களில் பிழை ஏராளம், ஆனால் நான் வாயால் சொன்ன அந்த வாக்கியம் செய்த சேதத்தை எந்தப் பிழையும் செய்ததில்லை. நிரலைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து அப்படிச் சொன்னேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான்.

கிராணி ஆறுமுகமும் பயந்துவிட்டார். சொன்னதைத் தட்டினேன், இருபத்து மூன்று சொன்னாளா என்று ஞாபகம் இல்லை என்று பின்வாங்கிவிட்டார். இயந்திரத்திலும் தடயம் இல்லை. அனுப்பி முடியும் வரை தகவல் ஒரு தற்காலிக இடத்தில் இருக்கும், காலையில் இயந்திரம் எழும்போது அந்த இடம் துடைக்கப்பட்டுவிடும். ஆகப் பழி முழுவதும் பாக்கியத்தின் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. குற்றம் அவளுடையது என்று முடிவானால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும்.

வியாழக்கிழமை வேறெதையோ தேடிக்கொண்டிருந்தபோது சிரம்பான் மோடத்தின் பதிவு என் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை நாலு மணிக்கு அந்தத் தோட்டத்திலிருந்து ஓர் அழைப்பு வந்து, பாதியில் அறுந்திருந்தது. ஆறு நிமிடம் கழித்து இன்னோர் அழைப்பு, அதுவும் அறுந்திருந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அந்த இயந்திரம் எதற்கு எங்களைக் கூப்பிட வேண்டும்?

மேலாளரிடம் காட்டினேன். “நிரல் உயிரோடு இருந்தால் மூன்றாம் தடவையும் கூப்பிட்டிருக்குமே. கிராணி இயந்திரத்தை அணைத்திருப்பான்” என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சிரம்பான் இயந்திரத்தில் அதே நிரலை ஓட்டி, பத்துத் தடவை கம்பியைப் பிடுங்கினேன். பத்துத் தடவையும் பிழைத்தது. பழி பாக்கியத்திடமிருந்து ஆறுமுகத்துக்கு நகர்ந்ததே தவிர, என் பக்கம் வரவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை கம்பெனி வேனில் ஏறிவிட்டேன்.

முதலில் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். முப்பத்தோராம் பிளாக்கில் வேலை. முதுகில் மருந்துத் தோம்பு, முகத்தைச் சுற்றித் துணி, முழங்கால் வரை பூட்ஸ் என்று ஒன்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். பத்தாவதாக நின்றவள் பாக்கியம், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருப்பாள்.

“நீதான் அந்தக் கம்ப்யூட்டரு பொண்ணா?” என்றாள். முகத்துணியை இறக்கவில்லை, கண் மட்டும் தெரிந்தது.

“ஆமாங்க.”

“நான் சொல்லலன்னு தொரகிட்ட சொன்னது நீதானா?”

“தகவல் வந்து சேரலன்னுதான்...”

“சொல்லலன்னு சொன்னியா இல்லியா?”

“சொன்னேன்.”

“இருவத்தி ரெண்டு, இருவத்தி மூணு. கிராணி மேசக்கி முன்னால நின்னு சொன்னேன். அவரு தட்டுனாரு, நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். துணி கட்டாதன்னு சொன்னீங்க, கட்டல. இப்ப சரசு கண்ணுக்கு நாந்தான் காரணமா? போலா, மூணு மணிக்கி ஆபீசுல பேசிக்குவோம்.”

திரும்பி வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். வேன் வந்து என்னை ஏற்றிக்கொள்ள நேரம் இருந்தது. போக இடமில்லாமல் பாதையோரம் நின்றேன். அவள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். முனியம்மா, இருக்கேன். அஞ்சல, இருக்கேன். ஒன்பது பேரும் பதில் சொன்ன பிறகுதான் உள்ளே இறங்க விட்டாள். அரை மணி நேரம் கழித்து, யாரும் எங்கும் போகாதபோது, மறுபடியும் அதே ஒன்பது பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “இப்பத்தானே கூப்பிட்டீங்க? எல்லாரும் இங்கதானே இருக்காங்க?” என்றேன்.

“மொத தடவ எல்லாருந்தான் நல்லா பதில் சொல்லுவாங்க” என்றாள், என்னைப் பார்க்காமலே. “மருந்து வாட ஏறுன பெறகு கூப்புட்டு பாக்கணும். எவ கொரலு கம்முதோ அவள வெளிய இழுத்துருவேன். ஏய் அஞ்சல! என்னா முனவுற? வெளிய வா. தோம்ப எறக்கி வச்சிட்டு தண்ணி குடி.”

அஞ்சலை தள்ளாடிக்கொண்டு வந்து நிழலில் உட்கார்ந்தாள். முதல் தடவை அவள் குரல்தான் எல்லோருடையதையும்விட உரக்கக் கேட்டது.

இந்த இடத்தில் எனக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுத ஆசைதான். ஒன்றும் விளங்கவில்லை. கொசு கடித்தது, வேன் வந்தது, ஆபீசுக்குப் போனேன்.

ஆபீசில் நிரலை ஓட்டி, டயல் செய்யும்போது கம்பியைப் பிடுங்கினேன். பிழைத்தது. மறுபடி டயல் செய்தது, இணைந்தது. தேறியது என்று நோட்டில் எழுதினேன். பக்கத்தில் ஆறுமுகம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“பாத்தீங்களா மிஸ், நல்லாத்தான் ஓடுது” என்றவர், சொன்ன பிறகுதான் அது தனக்கே பாதகம் என்று புரிந்து, “நான் அணைக்கலங்க மிஸ். சத்தியமா அணைக்கல” என்றார்.

பையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டேன். கதவு வரை போனேன். அப்போதுதான் அஞ்சலையின் அந்த உரத்த முதல் பதில் நினைவுக்கு வந்தது. இந்த இயந்திரத்திடம் நான் இதுவரை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்? பத்துத் தடவை பிடுங்கியதெல்லாம் சிரம்பானில். இங்கே வைத்த அன்று ஒன்று, இன்றைக்கு ஒன்று, இரண்டும் புதிதாக ஓட்டிய நிரலில் முதல் தடவை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அதே நிரலை மறுபடி டயல் செய்ய வைத்து, நிறுத்தாமல், இரண்டாம் தடவை கம்பியைப் பிடுங்கினேன்.

நிரல் செத்தது. ஒரு பிழைச் செய்திகூட இல்லை. திரையில் வெறும் குறி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

காரணம் தோட்டத்து இயந்திரத்தின் கையேட்டில் இருந்தது. பி.எஸ்.டி. வீட்டில் ‘சாகாதே’ என்று ஒரு தடவை சொல்லிவைத்தால், நாமாக மாற்றும் வரை அது நிற்கும். சிஸ்டம் ஃபைவ் வீட்டில் அந்தச் சொல் ஒரு தடவைக்குத்தான். சமிக்ஞை வந்து அதைப் பயன்படுத்தியதும் அழிந்துவிடும், மறுபடி சொல்ல வேண்டும். தொகுப்பியும் எச்சரிக்காது, ஏனென்றால் இரண்டு வீட்டிலும் எழுதும் வரி ஒன்றேதான். நான் படித்திருந்தது அண்ணன் பி.எஸ்.டி. வீட்டுக் கையேடு. தம்பியும் அப்படித்தான் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மட்டும் ஏன் இரண்டு தடவை அறுந்தது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் தோட்டத்து மருந்தகத்தில், இயந்திரம் பேசும் அதே லைனில், இன்னொரு டெலிபோன் வைத்திருந்தார்கள். இயந்திரம் பேசும்போது அதை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும்; நாலு மணிக்கு எடுக்கக் கூடாது என்று ஆபீசுக்குத் தெரியும், மருந்தகத்துக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸரிடம் கேட்டேன். “கீச்சுன்னு கத்துச்சு மிஸ், ஒடனே வச்சிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சி, நின்னுருச்சான்னு மறுபடி எடுத்துப் பாத்தேன்” என்றார். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம்.

சிரம்பானுக்கு டெலிபோன் செய்து மேலாளரிடம் சொன்னேன். டெலிபோன் லைன் பழுது என்று சொல்லிவிடு என்றார். மண்டோருக்கும் பழி இல்லை, கிராணிக்கும் பழி இல்லை, நமக்கும் இல்லை, அடுத்த வாரம் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் தப்பித்துக்கொள்ளும் பொய் அது, கொஞ்சம் உண்மையும் கலந்தது. நம் தொழிலில் உங்களைத் தேடி வருவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பொய்தான். மூன்று மணி வரை நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

விசாரணையில் துரை, அவருடைய உதவியாளர், தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர், ஆறுமுகம் எல்லோரும் நாற்காலியில் இருந்தார்கள். பாக்கியம் மட்டும் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அழுதிருப்பேன். அவள் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லைன் பழுது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

இயந்திரத்தில் ஒரு பொய்ப் பிளாக் எண்ணைத் தட்டி, டயல் செய்ய வைத்தேன். துரையிடம் அதே லைனில் இருந்த அவர் மேசை டெலிபோனை எடுக்கச் சொன்னேன். எடுத்தார், கீச்சென்றது, வைத்தார். நிரல் பிழைத்துக்கொண்டு மறுபடி டயல் செய்தது. துரை ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

“செகாலி லாகி” என்றேன். இன்னொரு தடவை.

எடுத்தார். நிரல் செத்தது. நான் பட்டியலை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். தட்டிய எண் அதில் இல்லை.

“தப்பு என்னோடது” என்றேன். மலாயில் ஒரு தடவை துரைக்கு, தமிழில் ஒரு தடவை மற்றவர்களுக்கு. “இவங்க சொன்னாங்க. கிராணி தட்டினார். என் நிரல் செத்துப்போச்சு. சரியா சோதிக்காமலே சோதிச்சிட்டேன்னு சொல்லி, இவங்க மேல பழி போட்டது நான். மன்னிச்சிருங்க.”

நன்றியோ திட்டோ எதிர்பார்த்தேன். பாக்கியம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று இருபது.

“மத்த தோட்டத்துலயும் இதேதான் ஓடுதா?” என்றாள்.

ஒரே மூலநிரல். நான் அடம்பிடித்து வாங்கிய ஒரே மூலநிரல். ஏழு தோட்டத்திலும் அதேதான், ஏழிலும் நாலு மணிக்குத்தான். இந்த விசாரணைக்காக வந்தவள், மற்ற ஆறைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. லைன் பழுது என்று சொல்லியிருந்தால் யாருமே நினைத்திருக்க மாட்டார்கள்.

“ஆமா” என்றேன்.

“அப்ப என்னா நிக்கிற? துணி கட்டச் சொல்லுலா!”

துரை எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். ஒவ்வொரு தோட்டமாகக் கூப்பிட்டேன்: இன்றைக்கு மருந்து அடித்த பிளாக்கில் இப்போதே சிவப்புத் துணி கட்டுங்கள், நாளைய பட்டியலை நம்பாதீர்கள், மண்டோரைக் கேட்டுவிட்டு ஆள் அனுப்புங்கள். ஐந்து தோட்டத்தில் எடுத்தார்கள். கெமாஸ் பக்கத்துத் தோட்டத்தில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவுக்குப் பிறகு என் அண்ணன் கெமாஸ் ஸ்டேஷனில்தான் இருந்தான். அவனைக் கூப்பிட்டுக் கத்தினேன். என்ன ஏது என்று கேட்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மறுநாள் காலையில் தெரிந்தது: அந்தத் தோட்டத்தில் முந்தின நாள் நிரல் செத்துக் கிடந்தது. பட்டியலில் பிளாக் எண் இல்லை, மரத்தில் துணி இருந்தது. யாரும் இறங்கவில்லை.

திருத்தம் ஒரே ஒரு வரி. சமிக்ஞை வந்ததும் ‘சாகாதே’ என்பதை மறுபடி சொல்லிவைக்கும் வரி. அண்ணன் வீட்டில் அது தேவையில்லை, இருந்தாலும் கெடுதல் இல்லை. சனிக்கிழமை எழுதினேன், அடுத்த வாரத்துக்குள் ஏழு தோட்டத்துக்கும் போய்ப் போட்டேன். மேலாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ஓரிடத்தில் தப்பு செய்தாய், ஏழு இடத்தில் கெட்டது. ஓரிடத்தில் திருத்தினாய், ஏழும் சரியானது. சரி, ஒரே நிரலாகவே இருக்கட்டும்” என்றார். இரண்டு குடும்பத்துக்கும் எங்கெல்லாம் வித்தியாசம் உண்டோ, அதையெல்லாம் பொறுக்கி ஒரே கோப்பில் அடைத்தேன். மற்ற நிரலுக்குத் தான் எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் பார்த்துக்கொண்டேன். சிவப்புத் துணியும் திரும்பி வந்தது. சரசுவுக்குக் கண் குணமாகி, அடுத்த மாதம் வேலைக்கு இறங்கிவிட்டாள்.

கூடவே அந்தச் சோதனைக் கோப்பையும் எழுதினேன். எதையும் இரண்டு தடவை கேட்கும், நிறுத்தாமல், புதிதாகத் தொடங்காமல். பெயர் வைக்க யோசிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்த நிரல் யூனிக்ஸ் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் வீட்டுக்கோ குடிபோய்விட்டது. ஒவ்வொரு புது வீட்டிலும் முதல் தடவை எல்லாம் தேறும். இரண்டாம் தடவையில்தான் ஏதாவது ஒன்று முனகும். லினக்ஸ் வீட்டில் இன்றைக்கு ஒன்றும் முனகவில்லை என்கிறீர்கள். நல்லது, சந்தோஷம். நாளைக்கு நீங்கள் எந்த வீட்டுக்குக் குடிபோவீர்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்கள் கையில் இருப்பது நல்ல சரக்கு, அதை எழுதியவர்களைவிட நீங்கள் கெட்டிக்காரர்கள். வாயைத் திறக்கும் முன் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

புது நிரலைப் போட அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போனபோது, ஆபீசில் வேலை முடிந்ததும் பாக்கியம் வேலை செய்த பிளாக்குக்கு நடந்து போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. பெண்கள் அப்போதுதான் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் முன்னால் போய், “அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. மன்னிச்சிருங்க” என்றேன்.

“அதான் ஆபீசுலயே சொல்லிட்டியே” என்றாள்.

“ஆமா. மறுபடியும் சொல்றேன்.”

அன்று வரிசையில் இறக்காத முகத்துணியை இப்போது கீழே இறக்கினாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கி எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க, சொல்லித்தான் ஆவணும். இப்ப சொல்றதத்தான் நம்புறேன். ஒம் பேரு என்னா?”

“பிலோமினா.”

துணியை ஏற்றிக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். ஒன்பது பேரும் பதில் சொன்னார்கள். பத்தாவதாக, என் பக்கம் திரும்பாமலே, “பிலோமினா!” என்றாள்.

“இருக்கேன்” என்றேன். ஆபீசில் வேன் காத்திருக்கட்டும் என்று அங்கேயே பாதையோரம் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். அப்போதும் இருந்தேன்.